வான் கோவைக் கையால் பயிலுதல்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவருக்கு ஒரு செய்முறை

க.பொ.த. உயர்தரத்தில் சித்திரத்தைப் பாடமாக எடுத்தவர்களுள் வின்சன்ட் வான் கோவின் பெயரைக் கேள்விப்படாதவர் இருக்கமாட்டார். ஆனால் அவரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், காதை அறுத்துக்கொண்டவர், உயிரோடிருந்தபோது ஒரே ஓர் ஓவியத்தை விற்றவர், மனநோயால் அழிந்தவர் என்ற மூன்று செய்திகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 860 எண்ணெய் வர்ண ஓவியங்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டோவியங்களையும் செய்து முடித்த ஒருவரின் கை எவ்வாறு பழகியது என்ற கேள்விக்கு அந்தச் செய்திகளுள் எதிலும் விடை இல்லை. விடை தேடுவதற்கு நான் கண்ட நல்ல வழி, அவர் பழகிய வேலைகளுள் சிலவற்றை அவர் பழகிய ஒழுங்கிலேயே நாமும் செய்து பார்ப்பதுதான். அதற்கு ஆம்ஸ்டர்டாமுக்குப் போக வேண்டியதில்லை. அவர் வரைந்தவை வயல், கைத்தறி, கடற்கரை, கொளுத்தும் வெயில், படத்தைத் தூக்கியெறியும் காற்று. கோதுமைக்குப் பதிலாக நெல் என்பதைத் தவிர இவையெல்லாம் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நம் கண்முன்னே இருக்கின்றன.

தொடங்குமுன் ஓர் ஏ3 தாளில் நீளவாட்டில் ஒரு கோடு கீறி, அதன் இடது முனையில் 1853 மார்ச் 30 என்றும் வலது முனையில் 1890 ஜூலை 29 என்றும் எழுதிக்கொள்ளவும். 37 ஆண்டுகள். நெதர்லாந்தின் சுண்டர்ட் கிராமத்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர், 1869இல் கூப்பில் என்ற ஓவிய வணிக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஹேக், லண்டன், பாரிஸ் கிளைகளில் இருந்துவிட்டு 1876இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் இங்கிலாந்தில் ஆசிரியர், டோர்ட்ரெக்டில் புத்தகக்கடை உதவியாளர், ஆம்ஸ்டர்டாமில் இறையியல் நுழைவுக்குப் படிக்கும் மாணவர், பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உபதேசியார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, 1880இல், 27ஆம் வயதில்தான் ஓவியராவது என்று முடிவு செய்தார். இதைக் கோட்டில் குறித்துப் பார்த்தால் ஏறத்தாழ முக்கால்வாசி வெறுமையாகவும், மீதி இடம் நெருக்கியடித்துக்கொண்டும் தெரியும். ஹேக், நியூனன், பாரிஸ், ஆர்ல், செயின்ட் ரெமி, ஓவேர் என்ற இடப்பெயர்களை அந்த நெருக்கத்துக்குள் வெவ்வேறு நிறங்களில் குறிக்கவும். பரீட்சைக்கு மனனம் செய்வதைவிட இந்தத் தாள் நெடுநாள் நிற்கும். சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் அதை எந்த ஆண்டின்கீழ் செய்தீர்கள் என்று அடையாளமிட்டு வரலாம்.

பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவை அவரது கடிதங்கள். அவர் எழுதியவற்றில் 819 கடிதங்கள் எஞ்சியுள்ளன; அவற்றுள் பெரும்பான்மை தம்பி தியோவுக்கு எழுதியவை. வான் கோ அருங்காட்சியகம் 2009இல் முழுத்தொகுப்பையும் இணையத்தில் இலவசமாக இட்டது. டச்சு, பிரெஞ்சு மூலங்களோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் கடிதத்துக்குள் அவர் கீறிய சிறுபடங்களும் அங்கே கிடைக்கும். எல்லாவற்றையும் படிக்க முயன்றால் சலிப்பு வந்துவிடும். எந்தப் பயிற்சியைச் செய்கிறீர்களோ அந்த ஆண்டின் கடிதங்களில் நான்கைந்தை மட்டும் படித்தாற் போதும். அவற்றில் காசு, தாள், மை, வர்ண ரியூப், வாடகை ஆகியவைதான் அதிகம் பேசப்படுகின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

காசைப் பற்றிய கட்டுக்கதை ஒன்றையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். தெற்கு பிரான்சின் ஆர்லில் இருந்தபோது தியோ அனுப்பிய தொகை மாதம் 150 பிராங்குக்குக் குறையவில்லை. அதே ஊரில் தபால் வேலை பார்த்த ரூலின், மாதம் 135 பிராங்கில் மனைவி மக்களோடு குடும்பம் நடத்தினார் என்று வின்சன்டே எழுதுகிறார். அண்ணனின் பணம் போன வழி வர்ணமும் கன்வஸும்தான். விற்ற ஒரே ஓவியம் என்று சொல்லப்படும் "சிவப்புத் திராட்சைத் தோட்டம்" 1890இல் பிரசல்ஸ் கண்காட்சியில் 400 பிராங்குக்கு அன்னா பொக் என்ற ஓவியரால் வாங்கப்பட்டது உண்மை. ஆனால் 1882இலேயே அவரது சிற்றப்பா ஒருவர் ஹேக் நகரக் காட்சிகளைப் பேனாவால் வரைந்து தரும்படி பணம் கொடுத்துக் கேட்டிருந்தார்.

சட்டமும் நூலும்

1882இல் ஹேக்கில் வின்சன்ட் ஒரு கொல்லரையும் தச்சரையும் கொண்டு, தூரக்காட்சிச் சட்டம் ஒன்றைச் செய்வித்தார். மரச்சட்டத்தின் நடுவே நெடுக்காக ஒரு நூல், குறுக்காக ஒரு நூல், மூலைக்கு மூலை இரண்டு நூல்கள். சட்டத்தைத் தாங்க இரண்டு நீண்ட கம்புகள். மேடு பள்ளமான நிலத்தில் ஊன்றுவதற்குக் கம்புகளின் அடியில் இரும்பு முனை. அதை ஷெவெனிங்கன் கடற்கரையில் நட்டுவைத்து, சாளரத்தினூடு பார்ப்பது போல் பார்த்து வரைந்தார். உள்ளுணர்வால் வெடித்துக் கிளம்பிய ஓவியர் என்று அவரைப் பேசுபவர்கள் இந்தச் சட்டத்தைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

உள்ளளவு 30 சென்ரிமீற்றருக்கு 20 சென்ரிமீற்றராக நான்கு மரச்சலாகைகளை இணைத்து, பக்கங்களின் நடுவிலும் மூலைகளிலும் சிறிய ஆணிகளை அடித்து நூலை இழுத்துக் கட்டவும். வீட்டில் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) கிடக்கிறதே என்று அதை எடுத்துவிடக் கூடாது. வெயிலில் அது மினுங்கி, சில கோணங்களில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். தடித்த கறுப்புத் தையல்நூல் நல்லது. வரையும் தாளிலும் அதே விகிதத்தில் ஒரு செவ்வகமும் அதே நான்கு கோடுகளும் பென்சிலால் மெதுவாகக் கீறிக்கொள்ளவும். சட்டத்தை இரண்டு கம்புகளில் கட்டி வரம்பில் ஊன்றி, ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல் பார்த்து, எந்த வரம்பு எந்த நூலை எங்கே வெட்டுகிறது என்று மட்டும் தாளில் குறிக்கவும். தென்னை, வாடி, மாடு என்று பொருள்களைத் தேடாமல் வெட்டுப்புள்ளிகளை மட்டும் தேடுவதே இப்பயிற்சியின் சாரம். கல்லடியின் பழைய இரும்புப் பாலம் இதற்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் அதன் குறுக்குச்சட்டங்கள் தூரம் செல்லச் செல்ல நெருங்குவதைக் கண் நம்ப மறுக்கும். நூல் அதை மறுக்கவிடாது.

இதனோடு பிறர் வரைந்ததைப் பார்த்து வரையும் வேலையும் நடக்க வேண்டும். சார்ல்ஸ் பார்க் என்பவரின் அச்சிட்ட வரைதற் பயிற்சித் தாள்களை வின்சன்ட் தொடக்க காலத்தில் ஒன்றுவிடாமல் பிரதி செய்தார். 1890இல், "விண்மீன் இரவு" என்ற புகழ்பெற்ற ஓவியம் முடிந்து ஓராண்டு ஆகும் தறுவாயில், அவற்றை மறுபடியும் எடுத்து வைத்துப் பயின்றார். பிரதி செய்வதை இழிவாகக் கருதும் நமது வகுப்பறை வழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

தறியின் முன்னால்

1884இல் நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் அவர் நெசவாளர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். இருட்டான சிறிய அறை, அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் கருங்காலி போன்ற ஓக் மரத்தறி, அதற்குள் அகப்பட்டவர் போல ஒரு மனிதர். பின்னால் நகர்ந்து நின்று பார்க்க இடமில்லாததால் வரைவது கடினமாக இருந்தது என்று கடிதங்களில் முறையிடுகிறார். இந்தப் பயிற்சிக்கு மருதமுனையைப் போன்ற ஊர் வேறெங்கே கிடைக்கும்? சாறனும் சேலையும் நெய்யும் வீடுகளில் இன்றும் கைத்தறி ஓசை கேட்கிறது. முன்னறிவித்தலின்றிப் போய்க் கைபேசியை நீட்டிப் படமெடுக்காமல், முதல் நாள் வெறுங்கையோடு போய்ப் பேசி, "காக்கா, நாளைக்கு ஒரு மணித்தியாலம் இந்த மூலையில இருந்து தறியக் கீறலாமா?" என்று அனுமதி கேட்கவும். பெண்கள் நெய்யும் இடமாயின் வீட்டாரைக் கேட்காமல் உள்ளே போகக்கூடாது. முகத்தை வரைவதா, தறியையும் கையையும் மட்டும் வரைவதா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

வரையும்போது தறியிலிருந்து தொடங்க வேண்டும். நிற்கும் மரங்கள், பாவு சுற்றிய உருளை, மிதிகட்டை, மேலிருந்து தொங்கும் கயிறுகள் என்று எலும்புக்கூட்டை முதலில் முடித்துவிட்டு, கடைசியாகவே மனிதரை உள்ளே இருத்த வேண்டும். ஏனென்றால் நாடா போய் வரும் ஒவ்வொரு தடவையும் அவரது தோளும் கையும் நகர்கின்றன, தறி நகர்வதில்லை. நெசவாளரின் கை ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வந்து சேரும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்தை மட்டும் பிடித்து, அது வரும்போதெல்லாம் ஓரிரு கோடுகளைச் சேர்த்தால், அசையும் உடலையும் நிதானமாக வரைந்துவிடலாம். மறுவருடம், 1885இல், "உருளைக்கிழங்கு உண்பவர்கள்" என்ற பெரிய ஓவியத்துக்கு முன்னர் குடியானவர் தலைகளை அவர் நாற்பது அளவில் தனித்தனியே தீட்டிப் பழகினார். அப்படியிருந்தும் நண்பர் வான் ரப்பார்ட் அதன் உருவங்களைக் குறைகூறி எழுதி, இருவரின் நட்பும் அதனால் குலைந்தது.

நாணற்பேனா

இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். 1888 பெப்ரவரியில் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகருக்கு வந்த வின்சன்ட், அங்கே வாய்க்கால் ஓரங்களில் வளர்ந்த நாணலை வெட்டிப் பேனாவாகச் சீவினார். நெதர்லாந்தில் முன்பே முயன்றிருக்கிறார், அங்கத்தைய நாணல் சரிவரவில்லை. ஆர்லின் நாணல் பருத்து, உறுதியாக இருந்தது. அதைக் கொண்டு மொன்மஜூர் குன்றிலிருந்து கீழேயுள்ள லா குரோ சமவெளியை 1888 ஜூலையில் வரைந்த பெரிய தாள்களைத் தமது பேனா வரைவுகளில் ஆகச் சிறந்தவை என்று அவரே மதித்தார். அச்சமவெளியைப் பார்ப்பதற்காகக் குறைந்தது ஐம்பது தடவை அங்கே போயிருப்பதாகவும் எழுதினார். கடலை நன்கறிந்த ஒருவரை ஒருநாள் கூட்டிப்போய், இது கடலைப் போல எனக்கு அழகாக இருக்கிறது என்று சொன்னபோது, இங்கே மனிதர் குடியிருப்பதால் கடலைவிட இதுவே அழகு என்று அவர் மறுமொழி கூறியதையும் ஒரு கடிதத்தில் காணலாம். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வட்டை வட்டையாக வெள்ளாமையும் உள்ள நமக்கு அந்த ஒப்பீட்டை விளக்க வேண்டியதில்லை.

தண்டைத் தெரிவு செய்வதில் ஓர் எச்சரிக்கை. பாய் இழைக்கும் பன் இதற்கு உதவாது. அதன் உள்ளே பஞ்சு போன்ற சோறு நிறைந்திருப்பதால் முனை நிற்காது. தேவை, உள்ளே பொள்ளலாகவும் தோல் வன்மையாகவும் உள்ள நாணல்தட்டை, பென்சில் தடிப்பு அல்லது சற்றுக் கூட. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் நசியாமல் இருக்க வேண்டும். மெல்லிய மூங்கிற் கிளையும் நன்றாக வேலை செய்யும். வாவியோரத்திலோ குளத்திலோ தண்ணீருக்குள் இறங்கி வெட்ட வேண்டாம்; முதலை இருக்கும் இடங்களை மீனவர்களிடம் கேட்டறிந்து, கரையில் காய்ந்து நிற்பவற்றை மட்டும் எடுக்கவும். பச்சையாக எடுத்தால் நிழலில் நன்றாக உலரும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டு கணுக்களுக்கு இடையில் ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல் துண்டாக்கவும். கூரிய கட்டர் பிளேட்டால், உடம்புக்கு வெளிப்பக்கமாக, நீண்ட சரிவாக ஒரு முனையைச் சீவி, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைச் சுரண்டி எடுக்கவும். பின்னர் சரிவின் இரு பக்கங்களையும் உள்வாங்கச் செதுக்கினால் தோள்களும் நடுவே ஒரு நாக்கும் உருவாகும். நாக்கின் நடுவில் நீளவாட்டில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குப் பிளவு கொடுக்க வேண்டும். பிளேட்டை முனையில் வைத்து மெல்ல ஆட்டி இறக்கினால் தண்டு தானாகப் பிளக்கும், அவசரப்பட்டு அழுத்தினால் அடிவரை பிளந்துவிடும். கடைசியாக, நாக்கை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, நுனியைச் செங்குத்தாக ஒரே வெட்டில் வெட்டவும். நுனியின் அகலமே கோட்டின் அகலம். தீக்குச்சி அகலம், அதில் பாதி, ஊசிமுனைக்குக் கிட்டிய மெலிவு என்று மூன்று பேனாக்கள் போதும். அரபு எழுத்தணிக்கலை பயின்றவர் ஊரில் இருந்தால் இந்தச் சீவலை அவரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது மிகுந்த பயன் தரும்; அவர்களுடைய கருவியும் இதுவே.

இப்போது மையில் தோய்த்து ஒரு கோடு இழுத்துப் பார்க்கவும். முதல் விரற்கடை அளவுக்குக் கருமையாகவும் ஈரமாகவும் வரும் கோடு, பின் மெலிந்து, தாளின் சொரசொரப்பு வெளித்தெரிய உலர்ந்து, நின்றுவிடும். உலோக முனைப் பேனாவைப் போல நாணல் மையைத் தேக்கி வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு சில கோட்டுக்கும் மறுபடி தோய்க்க வேண்டும். வான் கோவின் வரைவுகளில் ஒவ்வொரு கோடும் குட்டையாக, ஒரு முனை கறுத்து மறுமுனை வெளிறி இருப்பதன் காரணம் இங்கே கையில் தட்டுப்படுகிறது. மனக்கொந்தளிப்பின் அடையாளம் என்று எத்தனையோ பேர் விளக்கிய அந்தத் துடிப்புக் கோடுகளில் கருவியின் பங்கு பெரிது. பின்னாளில் எண்ணெய் வர்ணத்திலும் தூரிகையால் அதே குட்டைக் கோடுகளை இட்டார். அந்தப் பழக்கம் பலப்பட்டதில் இந்தப் பேனாவுக்குக் கணிசமான பங்கு உண்டென்பது என் துணிபு. ஜப்பானிய மர அச்சுப் படங்களைச் சேர்த்து, ஹிரோஷிகேயின் இரண்டு படங்களை 1887இல் எண்ணெய் வர்ணத்தில் பிரதி செய்தவர் என்பதால், மரத்துக்கு ஒரு கோடு, நீருக்கு ஒரு கோடு என்று பொருளுக்கேற்ற அடையாளம் வகுக்கும் முறையை அவர்களிடமும் கற்றிருந்தார்.

வரையப் போகும் இடம் சற்று உயரமாக இருக்க வேண்டும். தாந்தாமலை போன்ற பாறைக்குன்று ஒன்றில் ஏறினால் காடும் குளமும் வயலும் அடுக்கடுக்காகத் தெரியும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு குளக்கட்டோ, இரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியோ போதும். படுவான்கரைப் பக்கம் போவதாயின் தனியே போகாமல், யானை நடமாட்டம் பற்றி அங்குள்ளவர்களிடம் கேட்டு, வெயில் ஏறிய பின் போய்ப் பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியும் சிறுபோக அறுவடைக் காலமுமே உகந்தவை, ஏனெனில் அப்போதுதான் நிற்கும் நெல், அறுத்த வயல், சிதறிய வைக்கோல் மூன்றும் ஒரே பார்வையில் அகப்படும். இயந்திரம் வந்தபின் உப்பட்டி அடுக்கும் காட்சி அருகிவிட்டது; கிடைத்தால் விடாதீர்கள்.

தாளைப் பென்சிலால் மூன்று பட்டைகளாகப் பிரித்து, வரம்புகளின் ஓட்டத்தை மட்டும் மெல்லக் குறித்துக்கொள்ளவும். அவரும் பென்சிலால் அடிக்கோடு இட்டுத்தான் தொடங்கினார். அடிப்பட்டைக்கு அகலப் பேனா: காலடியில் உள்ள புல்லை, நுனி மேல்நோக்கி ஓடும் தடித்த கோடுகளால் இடவும். நடுப்பட்டைக்கு இரண்டாவது பேனா: நிற்கும் நெல்லுக்கு நெருக்கமான குட்டை நெடுக்குக் கோடு, அறுத்த வயலுக்கு ஐதான புள்ளி வரிசை, வரம்புக்கு வெறும் வெள்ளை. மேற்பட்டைக்கு மெல்லிய பேனா: தூரத்து மரவரிசை சிறு வளைவுகளாகவும், அதற்கப்பால் எல்லாம் புள்ளிகளாகவும் தேய வேண்டும். வானத்தைத் தொடவே வேண்டாம். தண்ணீர் கலந்த மையால் நிழல் பூசும் ஆசை வரும். லா குரோ வரைவுகளில் அவர் அப்படிச் செய்யவில்லை, கோட்டின் தடிப்பும் நெருக்கமும் மட்டுமே தூரத்தைக் காட்டுகின்றன. ஒரு வயலுக்குத் தெரிவுசெய்த அடையாளத்தைப் பாதியில் மாற்றினால் அந்த வயல் இரண்டாகப் பிளந்தது போலாகிவிடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியைக் கையே கற்றுக்கொள்ளும்.

காற்றுக்கு என்ன செய்வது? ஆர்லில் மிஸ்ட்ரல் என்ற வடகாற்று, நமக்குக் கச்சான். படந்தாங்கியின் கால்களை மண்ணில் ஊன்றி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 50 சென்ரிமீற்றர் நீளமான இரும்பு முளையை அடித்து, எல்லாவற்றையும் கயிற்றால் பிணைத்துக் காற்றிலும் வேலை செய்ததாக அவர் நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதினார். கூடாரம் அடிக்கும் முளைகள் அப்படியே பயன்படும். நுளம்புக்கு அவரிடம் மருந்தில்லை, அதையும் குறைசொல்லி எழுதியிருக்கிறார்.

நூலால் நிறம்

வர்ணத்துக்குப் போகுமுன் நூலில் பழகலாம். வின்சன்டிடம் அரக்குப் பூசிய ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் பல நிறக் கம்பளி நூல்களை இரண்டு மூன்றாகச் சேர்த்துச் சுற்றிய சிறு உருண்டைகளை வைத்து, எந்த நிறம் எதன் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்வார். அந்தப் பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தறி பார்க்கப் போன வீட்டிலேயே வெட்டுநூல்களைக் கேட்டு வாங்கி, அட்டைத்துண்டுகளில் மஞ்சளும் ஊதாவும், நீலமும் செம்மஞ்சளும், சிவப்பும் பச்சையும் என்று சோடி சோடியாகச் சுற்றவும். எதிர்நிறங்கள் பட்டையாக அடுத்தடுத்து நிற்கும்போது ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்; அதே நூல்களை ஓரிழை விட்டு ஓரிழையாகச் சுற்றி எட்ட நின்று பார்த்தால் இரண்டும் சேர்ந்து மங்கிச் சாம்பலாகிவிடும். 1888 ஜூனில் தீட்டிய "விதைப்பவன்" ஓவியத்தில் மஞ்சள் வானமும் ஊதா உழவும் முட்டிக்கொண்டு நிற்பதன் கணக்கு இவ்வளவுதான். பிரெஞ்சு ஓவியர் மிலேயின் விதைப்பவனை அடியொற்றிய அந்த உருவம் இங்கே வரம்பில் நடந்து நெல் எறிபவரை அப்படியே ஒத்திருக்கிறது.

மலிவான சிவப்பு வர்ணங்களைப் பற்றியும் ஒரு சொல். "படுக்கையறை" ஓவியத்தின் சுவர்கள் இப்போது நீலமாகத் தெரிகின்றன. அவர் தீட்டியது ஊதா. கலந்த சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிப் போய்விட்டது. நீங்கள் வாங்கிய சிவப்பை ஒரு தாள்பட்டையில் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் சாளரத்தில் சில வாரம் ஒட்டி வைத்தால் அதன் தரம் தெரிந்துவிடும்.

நோயைப் பற்றி எவ்வாறு பேசுவது

வகுப்பில் இதை எடுக்கும் ஆசிரியர்கள் தயங்கும் இடம் இது. நடந்ததை நேராகச் சொல்லிவிடலாம். 1888 ஒக்ரோபர் 23இல் ஓவியர் கோகன் ஆர்லுக்கு வந்து, வின்சன்ட் வாடகைக்கு எடுத்திருந்த மஞ்சள் வீட்டில் தங்கினார். டிசம்பர் 23 இரவு, இருவருக்குமிடையே மனக்கசப்பு முற்றியிருந்த வேளையில், வின்சன்ட் தமது காதை அறுத்துக்கொண்டார். 1889 மே 8இல், தமது விருப்பத்தின் பேரிலேயே, செயின்ட் ரெமியின் மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். அக்கால வைத்தியர்கள் அதை ஒருவகை வலிப்புநோய் என்று கருதினர்; இன்றைய வைத்தியர்களிடையே ஒருமித்த முடிவில்லை. நோய் மேலிட்ட வாரங்களில் அவரால் வேலை செய்ய முடியவில்லை. வரைந்ததெல்லாம் தெளிவாக இருந்த நாள்களில். 1889 ஜூனில் தீட்டிய "விண்மீன் இரவு" கூடப் பகலில், வேலையறையில், சாளரத்தில் கண்ட வானத்தையும் மனத்தில் அமைத்த ஊரையும் சேர்த்துத் திட்டமிட்டு ஆக்கியது. எனவே நோய்தான் ஓவியத்தைத் தந்தது என்ற பேச்சை வகுப்பில் வளரவிடக் கூடாது. கடிதங்களைப் படித்த மாணவர் அதைத் தாமே மறுப்பர்.

இறப்பைப் பற்றியும் அதே நிதானம் வேண்டும். 1890 மேயில் பாரிஸுக்கு அருகிலுள்ள ஓவேருக்குப் போய், வைத்தியர் கஷேயின் கவனிப்பில் இருந்து, எழுபது நாளளவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டி, ஜூலை 27இல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட காயத்தால் இரண்டு நாள் கழித்து இறந்தார். தியோவும் 1891 ஜனவரியில் இறந்தார். அண்ணனின் ஓவியங்களையும் கடிதங்களையும் காப்பாற்றி, 1914இல் கடிதங்களை நூலாக்கியவர் தியோவின் மனைவி யோஹன்னா. "காகங்களுடன் கோதுமை வயல்" வின்சன்டின் கடைசி ஓவியம் என்பது பிழை. "மர வேர்கள்" என்பதே கடைசியாகத் தீட்டியதாக ஆய்வாளர் கொள்கின்றனர். போரும் 2004 சுனாமியும் தொடாத குடும்பம் அரிதான நம் மாவட்டங்களில், உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவரின் பிள்ளையோ சகோதரரோ அதே வகுப்பில் இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. காதைப் பற்றிய பகிடியை முளையிலேயே நிறுத்தவும். இறப்பை வீரமாகவோ கலைஞனுக்கு உரிய முடிவாகவோ வருணிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மேலே செல்லவும்.

கடைசிப் பயிற்சியாக, வர்ணத்தில் முடித்த உங்கள் படம் ஒன்றை நாணற்பேனாவால் மறுபடி வரையவும். 1888 கோடையில் தமது ஓவியங்களைப் பார்த்துப் பேனாவால் வரைந்து பெர்னாருக்கு 15, ஆஸ்திரேலிய ஓவியர் ரசலுக்கு 12, தியோவுக்கு 5 என்று அவர் அனுப்பினார். நிறத்தை இழந்த படம் கோட்டால் மட்டும் நிற்கிறதா என்பது அப்போது வெளியாகிவிடும். மையைப் பொறுத்தவரை, சாதாரண போத்தல் மையை விட்டுவிட்டு இந்தியன் இங்க் வாங்கவும். அவர் பாவித்த மைகள் பல இன்று கபிலநிறமாக வெளிறி, அத்தாள்களை அருங்காட்சியகங்கள் இருட்டில் வைத்துப் பாதுகாக்கும் நிலை வந்துள்ளது. இந்தியன் இங்க் காய்ந்தால் நாணலில் இறுகிவிடும் என்பதால் பேனாவை வேலை முடிந்தவுடனே கழுவ வேண்டும். மாரி காலத்து ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்காதபடி, படங்களுக்கிடையே வெற்றுத்தாள் வைத்து, நிலத்திலும் சுவரிலும் படாமல் உயரமான தட்டில் கிடையாக அடுக்கவும். பின்பக்கத்தில் திகதி, இடம், பார்த்த திசை, பாவித்த பேனா ஆகியவற்றைப் பென்சிலால் குறித்துவிடவும். பேனாவால் எழுதினால் மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.